உடைவு நேரம்

பயிருக்குப் போடுகிற பசளை என்றால் கை கடிக்க வேண்டும். களை பிடுங்கிப் பிடுங்கி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிற கையால் ஒரு பிடி அள்ளினால், சுரீரென்று ஏறி முழங்கைவரை எரிய வேண்டும். சம்பூரில் ஆம்பிளைகள் அந்தக் கடிக்குப் பயந்து உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டுதான் வயலில் இறங்குவார்கள். இரத்தினேஸ்வரி எண்ணெய் பூசுகிறவள் அல்ல. எண்ணெய் கறிக்கு வேணும், கைக்கென்ன கேடு என்பாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருசம் புருசனோடு சரிக்குச் சரி சேற்றில் நின்றவள். அந்தக் கடி அவளுக்குப் பழகிப்போன சங்கதி.

எழுபத்தாறாம் ஆண்டு மார்கழியில், இலந்தையடி வயலில், ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்து முதல் பிடியை எறிந்தபோது கை கடிக்கவில்லை. இரண்டாம் பிடிக்கும் கடிக்கவில்லை. மூன்றாம் பிடியை எறியாமல் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். மழை பெய்த முற்றத்து வாசம்தான் வந்தது.

“இஞ்சேருங்கோ, இந்தப் பசளை கடிக்குதில்லை.”

அடுத்த வரம்பில் நின்ற இராசநாயகம் சிரித்தார். “பசளை என்ன நாயோ கடிக்கிறதுக்கு? இது புது மாதிரிச் சாமான். கடிச்சாலும் குறை, கடிக்காட்டியும் குறை உனக்கு. இஞ்ச வந்து இதைப் பார்.”

அவர் குந்தியிருந்து இரண்டு பசளை மணியைக் கணுக்கால் அளவு தண்ணீரில் போட்டார். மிளகளவு மணிகள், சாம்பல் நிறம். கண்ணை மூடித் திறக்க முன் இரண்டும் பொலபொலவென்று உதிர்ந்து, புகை கிளம்பின மாதிரித் தண்ணீரைக் கலக்கிவிட்டு இல்லாமல் போயின.

“கண்டியே? போன வருசச் சாமானெண்டால் ஒரு கிழமைக்குக் கல்லுக் கல்லாய்க் கிடக்கும். இது விழுந்த உடன உடையுது. ஆரின்ர பெட்டிசம்? ஆரின்ர கையெழுத்து?”

அந்தப் பெட்டிசத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல ஏலாது. போன பெரும்போகத்துக்கு வந்த பசளை திருகோணமலைத் துறைமுகத்தில் மழையில் நனைந்து, பைக்குள்ளேயே பாறாங்கல்லாய் இறுகி வந்தது. உலக்கையால் இடித்தார்கள், கோடாலிப் பிடங்கால் தட்டினார்கள். ஊரே கை கொப்பளித்துப் போனது. அறுவடை முடிந்த கையோடு கமக்காரர் சங்கம் கூடி, மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் போடுவதென்று தீர்மானித்தது. சங்கத்துச் செயலாளர் இராசநாயகம். எட்டாம் வகுப்பு. கையெழுத்து அச்சுப் போல இருக்கும். ஊரில் கலியாண ஓலையிலிருந்து கந்தோர்க் கடிதம்வரை அவர்தான் எழுதவேண்டும். அதில் மனுசனுக்கு ஒரு பெருமை. ‘தாங்கள் தரும் பசளை உடைவதில்லை. ஆகவே இலகுவில் உடையக்கூடிய பசளை தந்துதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்’ என்று எழுதி, அறுபத்தொரு பேரிடம் ஒப்பம் வாங்கி அனுப்பினார்.

கேட்டது கிடைத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது இதுதான்.

பசளை எறிந்தால் மூன்று நாளைக்கு வக்கடையைக் கட்டிவைக்க வேண்டும். வக்கடை என்பது வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற வாய். அது திறந்திருந்தால் பசளை தண்ணீரோடு அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். இரத்தினேஸ்வரி மண்ணை வெட்டிப்போட்டுக் காலால் மிதித்துக் கட்டினாள். மூன்று நாளும் வாடைக்காற்றும் தூறலும். நாலாம் நாள் திறந்து பார்த்தாள். ஏழாம் நாள் பார்த்தாள். பயிர் பசளை தின்றால் ஒரு கிழமையில் காட்டும்; கறுத்து, இலை அகன்று, காற்றுக்கு ஓசை போடும். இது வரவர வெளிறியது. பத்தாம் நாள் பழுத்த பலாவிலை மாதிரி மஞ்சளாய் நின்றது. மூன்று ஏக்கரும்.

இல்லை, மூன்று ஏக்கரும் என்று சொன்னால் பிழை. வாய்க்கால் ஓரமாய் ஒரு துண்டு மட்டும் கரும்பச்சையாய் நின்றது. வயலுக்குக் கொண்டுபோன பை முடிந்து, மிச்ச அரைப் பை வீட்டில் கிடந்ததில், அந்தத் துண்டுக்கு மட்டும் வாடிக் கொட்டிலில் கிடந்த போன வருசக் கல்லுப் பசளையை உலக்கையால் இடித்து அவள்தான் எறிந்தவள். பாய் விரித்த மாதிரி அந்தத் துண்டு. சுற்றிவர எல்லாம் சோகை பிடித்துக் கிடந்தது. வரம்பில் நின்று பார்த்தவள், வாடியில் மிஞ்சிக் கிடந்த பழைய கல்லில் ஒரு துண்டை மடியில் முடிந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். குசினியில் மூன்று கிளாசை எடுத்து வரிசையாய் வைத்து மூன்றிலும் தண்ணீர் வார்த்தாள். ஒன்றில் கல்லுப்பு. ஒன்றில் போன வருசப் பசளையில் புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு. மற்றதில் புதுப் பசளை மணி ஒரு பிடி. புது மணி உடனே உடைந்தது. உப்பு, அவள் ஒரு வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் கரைந்தது. பழைய துண்டு அப்படியே குந்திக்கொண்டிருந்தது. அவள் திருக்கைமீன் வெட்டிக் கழுவி, மிளகாய் அரைத்து, கறி கூட்டி அடுப்பில் ஏற்றினாள். கறி கொதித்து இறக்கும்போது திரும்பிப் பார்த்தால் பழைய துண்டையும் காணவில்லை. அந்தக் கிளாசின் வெளிப்பக்கம் குளிர்ந்து வேர்த்திருந்தது.

பழைய சீலைத் துணியை எடுத்து மூன்றையும் வடித்தாள். உப்புத் தண்ணீரில் ஒன்றுமில்லை. பழைய பசளையிலும் ஒன்றுமில்லை. புதுப் பசளையை வடித்த துணியில் விரற்கடைத் தடிப்புக்கு வழுவழுவென்று களி.

அந்த நேரம் பார்த்துத்தான் மூதூர் அலியார் வந்தார். இலந்தையடியில் பக்கத்து வயல் அவருடையது. பழைய உழவு மெசின் ஒன்று வைத்திருக்கிறார். இரண்டு ஊருக்கும் அதுதான் உழவு, அதுதான் வண்டி. அவருடைய வயலும் மஞ்சள். துணியில் இருந்ததை விரலால் தொட்டு, பெருவிரலில் தேய்த்துப் பார்த்தார்.

“தங்கச்சி, இது களி. எங்கட ஊர்க் கங்கைக் கரையில சட்டி வனையுற களி. உருட்டிச் சாம்பலைப் பூசி விட்டிருக்கானுகள். மேலால பேருக்குக் கொஞ்சம் பசளை தடவியிருப்பானுகள் போல. ஹராத்தில பிறந்தவனுகள், பயிர்ர வாயிலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டானுகளே.”

வயலால் வந்த இராசநாயகமும் மூன்று கிளாசையும் பார்த்தார். பிறகு, “புதுச் சாமான் வேலை செய்யக் கொஞ்சம் பொறுக்கவேணும்,” என்றார்.

“பொறுக்கிறதோ? குடலை தள்ள இன்னும் பத்து நாள் இருக்கோ தெரியாது. கதிர் வயித்துக்குள்ள உருவாகிற நேரம் பயிர் பட்டினி கிடந்தால், பிறகு நீங்கள் அமிர்தத்தைக் கொண்டந்து ஊத்தினாலும் சப்பிதான், வெறும் பதர்தான். வருசம் முழுக்க என்னத்தைத் தின்னிறது? உங்கட கையெழுத்தையோ?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அடுத்த நாள் விடியவே, திருகோணமலைக் கந்தோருக்குப் போக, அலியாரின் மெசினில் மூதூர்த் துறைக்குப் போனார்கள். இராசநாயகம் வெள்ளைச் சேட்டுப் போட்டு, பெட்டிசத்தின் பிரதியை மடித்துப் பையில் வைத்திருந்தார். இரத்தினேஸ்வரி மடியில் இரண்டு போத்தல்: ஒன்றில் பசளை மணி, மற்றதில் உடைந்து அடைந்த களி. துறையில் ஏறின மோட்டார் லோஞ்சு குடாவின் நடுவில் வந்தபோது வாடை தூக்கிக் குத்தியது. ஒரு கிழவி வேப்பிலையை மணந்துகொண்டு முருகா முருகா என்றாள். இவள் இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டு, கந்தோரில் சொல்லவேண்டியதை ஒன்றுக்கு நாலு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்தது அந்த அரசாங்கப் பசளைக் கந்தோர். யன்னலால் பார்த்தால் உள்துறைமுகம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கொட்டியாரக் குடாவில் ஆளைத் தூக்கி எறிகிற காற்று இங்கே ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. வாங்குப் பலகையில் ஒன்பது மணிக்குக் குந்தினவர்களைப் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். பரிசோதகர் ஆனந்தராசா முப்பது வயதுக்காரர், வெள்ளைக் காற்சட்டை, கைமணிக்கூட்டை மணிக்கட்டின் உள்பக்கமாய்க் கட்டியிருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னார். மரியாதையான மனுசன்தான். மரியாதையாலே ஒரு பயிரும் விளைவதில்லை என்பது வேறு கதை.

“முறைப்பாடு என்ன?”

“பசளை இல்லை ஐயா, மண்,” என்றாள் இரத்தினேஸ்வரி. இராசநாயகம் வாயைத் திறக்க முன்னமே சொல்லிவிட்டாள்.

“அப்பிடிச் சும்மா சொல்லேலாது அம்மா. நாங்கள் ஒவ்வொரு பொதியிலயும் எடுத்துச் சோதிச்சுத்தான் விடுறனாங்கள். இருங்கோ, உங்கட கண்ணுக்கு முன்னாலயே செய்து காட்டுறன்.”

அலுமாரியைத் திறந்து ஒரு கிளாசும் அச்சடித்த படிவமும் எடுத்தார். போத்தலிலிருந்து பத்து மணியை எண்ணித் தண்ணீரில் போட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

“முப்பத்தெட்டுச் செக்கன்,” என்று நிமிர்ந்தார். “ரெண்டு நிமிசத்துக்குள்ள உடைஞ்சால் முதற்தரம். இது முப்பத்தெட்டுச் செக்கன். இந்த வருசத்துச் சாமானுக்குள்ள இதுதான் திறம்.”

“ஐயா, உடைஞ்சது. கரையேல்லை.”

“ரெண்டும் ஒண்டுதானேம்மா.”

இரத்தினேஸ்வரிக்கு உச்சந்தலை கொதித்தது. படித்த மனுசன். குசினிக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்திருக்க மாட்டான். “ரெண்டும் ஒண்டோ? உப்புக் கரையும், மண்ணாங்கட்டி உடையும். இது ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒண்டெண்டால் அந்தா, மேசையில உங்கட தேத்தண்ணி இருக்கு. சீனிக்குப் பதிலா இந்த முதற்தரத்தில ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் குடியுங்கோ பாப்பம்!”

பக்கத்து மேசைக்காரர் இருமுவது போலச் சிரித்தார். ஆனந்தராசாவின் காது சிவந்தது. “கந்தோரில சத்தம் போடக்கூடாது,” என்றார். படிவத்தைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார். “பாருங்கோ. இது நான் எழுதினதில்லை, மேலயிருந்து வந்தது. ‘நீரில் உடைய எடுத்த நேரம்.’ இவ்வளவுந்தான் கேட்டிருக்கு. கரையிறதுக்கு இதில இடமில்லை. நான் எங்க எழுதுறது?”

“இடமில்லாட்டி விடுகிறதோ? ஆர் உப்பிடிக் கேள்வி போட்டது?”

அவர் ஒரு கடிதக் கோவையை எடுத்துப் புரட்டினார். எடுத்து மேசையில் வைத்த கடதாசியில் இருந்த எழுத்து அச்சுப் போல இருந்தது. கீழே அறுபத்தொரு ஒப்பம். ‘இலகுவில் உடையக்கூடிய’ என்ற சொல்லின் கீழே யாரோ சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

“நீங்கள்தான் கேட்டிருக்கிறியள். உங்கட ஊர்தான். இது வந்த பிறகுதான் இந்தச் சோதனையே வந்தது. உடையக்கூடியது கேட்டியள், உடையக்கூடியது தந்திருக்கு. செயலாளர் ஆர், இராசநாயகம் எண்டு போட்டிருக்கு?”

இராசநாயகத்தின் கை சேட்டுப் பைக்குப் போய், பிரதியைத் தொட்டு, வெறுமையாய்த் திரும்பி வந்தது. “நான்தான்,” என்றார். அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

“பிறகென்ன? வயல் பார்வைக்கு வாறன். அங்கயும் சோதிச்சு எழுதுவம்.”

“எண்டைக்கு ஐயா?” என்று கேட்டாள்.

“பொங்கல் முடிய.”

“குடலை பொங்கலுக்கு முதல் வந்திடும்.”

“அதுக்கு நான் என்னம்மா செய்ய? பயிருக்கு நிண்டு வரச் சொல்லி நானோ கடிதம் போடுறது?”

அவள் எழும்பிவிட்டாள். இன்னும் ஒரு நிமிசம் இருந்தால் கிளாசோடு அவர் மூஞ்சியில் ஊற்றியிருப்பாள். ஊற்றாமல் வந்ததை நினைத்து லோஞ்சு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். நடுக் குடாவில் இராசநாயகம் சேட்டுப் பையிலிருந்து பிரதியை எடுத்து, நாலாய்க் கிழித்துக் கடலில் போட்டார். கடதாசி உடனே ஊறி, மிதந்து, பின்னால் போனது.

ஊரில் கதை இவர்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. எப்படித்தான் போகுமோ. கூட்டுறவுக் கடையடியில் நின்றவர்கள், “செயலாளர் கேட்டுத்தானே மண் வந்தது, வடிவான கையெழுத்தில எழுதியெல்லோ கேட்டவர்,” என்றார்களாம். அறுபத்தொரு பேர் ஒப்பம் வைத்தார்கள். அன்றைக்கு ஒருத்தனுக்காவது அந்தச் சொல் இடித்ததா? இல்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். பசளை உடையேல்லை, பசளை உடையேல்லை என்று. பயிர் மஞ்சளான பிறகு பார்த்தால் ஒப்பம் வைத்த ஒருத்தனும் இல்லை, எழுதினவன் ஒருத்தன்தான் இருக்கிறான். நல்ல ஊர், நல்ல நீதி!

இராசநாயகம் சங்கத்துக்குப் போவதை விட்டார். வயல் வாடியில் போய்க் குந்திக்கொண்டு பயிரைப் பார்த்தபடி இருந்தார். சோறு கொண்டுபோய் வைத்தால் இரண்டு பிடி தின்பார். கலியாண ஓலை எழுதக் கேட்டு வந்தவரிடம், “எனக்கு எழுத்துத் தெரியாது, வேற ஆளைப் பாருங்கோ,” என்றார். அதைக் கேட்டுத்தான் இரத்தினேஸ்வரி அன்றைக்கு அழுதாள். பயிருக்கு அழாதவள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னம் குடலை தள்ளியது. கரும்பச்சைத் துண்டில் பயிர் வயிறு பெருத்து நின்றது. மற்ற இடமெல்லாம் நாணல் குச்சி மாதிரி.

பொங்கலுக்குப் புது அடுப்புக்கட்டி பிடிப்பது வழக்கம். குளத்துக்குப் போய்க் களி எடுத்துப் பிசைந்து, மூன்று கட்டி பிடித்துக் காயவைத்து, முற்றத்தில் வைத்துப் பொங்குவார்கள். பெண்கள் கடகத்தோடு போகும்போது, “ரத்தினமக்கா, களிக்கு வரேல்லையோ?” என்று கேட்டார்கள்.

“நான் என்னத்துக்குக் குளத்துக்கு? எனக்கு அரசாங்கம் பையில கட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கு.”

மிச்சம் இருந்த அரைப் பையை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். ஆத்திரத்தில் செய்தாள், வேறு யோசனை ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் விட்டு, வைக்கோல் நறுக்கிப் போட்டு, காலால் மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொரு ஆளைத் திட்டினாள். களியை உருட்டினவனை, சாம்பல் பூசினவனை, படிவம் அடித்தவனை, முப்பத்தெட்டுச் செக்கன்காரனை. நல்ல களி, பிடித்த இடத்தில் நின்றது. பொங்கல் அன்று அதில் பொங்கினாள். பிறகு, நெல் சேமிக்கிற பட்டறையில் இருந்த கடைசி நெல்லையும் அதிலேயே பாலை விறகு வைத்து அவித்தாள். நாலு நாள் நெருப்புத் தின்று கட்டி மூன்றும் செங்கல்லாய்ச் சிவந்து, தட்டினால் கிண்ணென்றன.

பொங்கல் கழிந்து ஆறாம் நாள் ஆனந்தராசா வந்தார். மூதூர்த் துறையில் இறங்கினால் சம்பூருக்கு வர அலியாரின் மெசினை விட்டால் வேறு வழியில்லை. மழைச் சேற்றில் குலுங்கி வந்து இறங்கும்போது காற்சட்டை முழங்கால்வரை சேறு. வயலைப் பார்த்தார். மஞ்சளையும் பார்த்தார், கரும்பச்சைத் துண்டையும் பார்த்தார். கண் இல்லாத மனுசன் இல்லை அவர். ஆனால் கையில் படிவம் இருந்தது.

வீட்டு முற்றத்தில் கதிரை போட்டார்கள். சங்கத்து ஆட்களும் மெல்ல மெல்ல வந்து வேலியோரம் நின்றார்கள். இராசநாயகம் குசினி வாசலில் நின்றார், முன்னுக்கு வரவில்லை.

“மிச்சப் பசளை இருக்கோ? சாம்பிள் இல்லாமல் படிவம் நிரப்பேலாது,” என்றார் ஆனந்தராசா. “அண்டைக்குக் கொண்டந்ததுக்கு முதற்தரம் எண்டு எழுதியாச்சு. புதுச் சாம்பிள் எண்டால்தான் புதுசா எழுதலாம்.”

“இருக்கு,” என்றாள் இரத்தினேஸ்வரி.

முற்றத்து அடுப்பு ஆறிக் கிடந்தது. அதில் ஒரு கட்டியை இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்தாள். தண்ணீர் நிறைந்த வாளியைக் காலால் தள்ளி அவருக்கு முன்னால் வைத்து, கட்டியைத் தொப்பென்று உள்ளே போட்டாள். தண்ணீர் அவருடைய சப்பாத்தில் தெறித்தது.

“மணிக்கூட்டைப் பாருங்கோ ஐயா.”

“இதென்னம்மா பகிடி?”

“பகிடியோ? உங்கட முதற்தரப் பசளை. பையில இருந்து கொட்டிப் பிசைஞ்சு பிடிச்சனான். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ.”

குனிந்து, வாளிக்குள் கட்டியைப் புரட்டிப் பார்த்தார். கட்டியின் பின்பக்கத்தில் சரியாய் மிதிபடாத ஐந்தாறு மணிகள் மிளகு மிளகாய்ப் பதிந்து, அப்படியே சுட்டுக் கிடந்தன. விரலால் தடவினார். கையை எடுத்துக்கொண்டார்.

“பசளையை நெருப்பில போட்டால் உருகி மணக்கும் ஐயா. மண்ணைப் போட்டால் செங்கல்லாகும். நான் படிக்காதவள், நீங்கள் சொல்லுங்கோ, இது எது? படிவத்தில ‘உடைய எடுத்த நேரம்’ எண்டுதானே கிடக்கு? பாருங்கோ நேரத்தை. உடையிற மட்டும் இருங்கோ.”

ஆனந்தராசா மணிக்கூட்டைப் பார்த்தார். பழக்கத்தில் பார்த்தாரோ என்னவோ. ஒன்றேகால். கட்டி வாளிக்கு அடியில் கிடந்தது. இரண்டு சின்னக் குமிழி வந்தது, பிறகு அதுவும் இல்லை. தூறல் வந்தது, ஒருத்தி குடை கொண்டுவந்து அவருக்குப் பிடித்தாள். தூறல் விட்டது. கோழி ஒன்று வந்து வாளியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

இரண்டு மணிக்கு எழும்பினார். “அலியார், மெசினை எடுங்கோ. மூண்டு மணிக்குக் கடைசி லோஞ்சு.”

அலியார் மெசினில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “எடுக்கிறன் சேர். அது உடைஞ்ச உடன எடுக்கிறன். முப்பத்தெட்டுச் செக்கன் தானே? இப்ப உடைஞ்சிரும்.”

வேலியோரம் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பில் நல்லதனம் ஒன்றும் இல்லை. ஆனந்தராசா ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

“அம்மா, எனக்கு விளங்குது,” என்றார் மெதுவாக. “ஆனால் இதில இடமில்லை. நான் இந்தக் கேள்விக்குப் பதில்தான் எழுதலாம், கேள்வியை மாத்தேலாது.”

“அதைத் தாருங்கோ.”

குரல் குசினி வாசலிலிருந்து வந்தது. இராசநாயகம் முற்றத்துக்கு வந்து கையை நீட்டினார். “படிவத்தையும் பேனையையும் தாருங்கோ தம்பி. பிழையான சொல்லை எழுதினவன் நான். உங்கட கேள்வி என்ர சொல்லில இருந்துதானே வந்தது? நானே வெட்டுறன். நீங்கள் கீழ ஒப்பம் வையுங்கோ.”

ஆனந்தராசா தயங்கினார். “வையுங்கோ சேர்,” என்றார் வேலியோரம் நின்ற ஒருவர். கூட்டுறவுக் கடையடியில் நின்று நையாண்டி பண்ணினவர்தான்.

படிவம் கை மாறியது. இராசநாயகம் வாளிக்குப் பக்கத்தில் குந்தி, முழங்காலில் பலகை வைத்து, ‘உடைய’ என்ற சொல்லின் மேல் ஒரே கோடாய் வெட்டினார். அதற்கு மேலே ‘கரைய’ என்று எழுதினார். எதிரே இருந்த வெறும் இடத்தில், பழைய அச்சுக் கையெழுத்தில் எழுதினார்: ‘கரையவில்லை. இது பசளை அல்ல, களிமண்.’ ஆனந்தராசா அதை இரண்டு தரம் வாசித்தார். பேனையை வாங்கி ஒப்பமிட்டு, திகதியையும் போட்டார்.

“நல்ல பசளை வருமோ இனி?” என்று ஒருவர் கேட்டார்.

“பிந்தி விதைச்ச வயலுகளுக்கு வரும். நான் கொண்டந்து சேர்ப்பன்.” பிறகு இரத்தினேஸ்வரியைப் பார்த்தார். “உங்கட வயலுக்கு...”

“தெரியும்,” என்றாள் அவள். “இதை எழுதச் சொல்லித்தான் இருவது நாளைக்கு முதல் வந்தனான்.”

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். மணி இரண்டரை தாண்டிவிட்டது, இனி மெசினை எடுத்தாலும் லோஞ்சு பிடிக்க ஏலாது. மற்ற நாளென்றால் அதுக்காக அவள் பாவப்பட்டிருப்பாள்.

குனிந்து வாளிக்குள் கை விட்டுக் கட்டியை எடுத்தாள். தண்ணீர் தெளிவாய்க் கிடந்தது. கட்டியைப் பழையபடி அடுப்பில் வைத்து, பட்டறையைக் கூட்டி அவித்துக் குத்திய கடைசி அரிசியைக் கழுவி உலையில் போட்டாள். ஈரக் கட்டி நெருப்புக்குக் கொஞ்ச நேரம் சீறியது. கத்தரிக்காய்க் கறியும் கீரி மீன் சொதியும் வைத்தாள். வாழையிலை வெட்டிவந்து ஆனந்தராசாவுக்கு முன்னால் போட்டாள். பக்கத்தில் புருசனுக்கும் அலியாருக்கும் போட்டாள். இராசநாயகம் வந்து இருந்தார்.

ஆனந்தராசா சோற்றைப் பார்த்தபடி கையை வைக்காமல் இருந்தார்.

“தின்னுங்கோ ஐயா,” என்றாள் இரத்தினேஸ்வரி. “போன வருசத்து நெல்லு. உடையாத பசளை போட்டு விளைஞ்சது. வடிவாத் தின்னுங்கோ. வாற வருசம் இந்த வீட்டுக்கு வந்தால் போட இராது.”

அவள் அகப்பையை எடுத்து இன்னும் ஒரு அகப்பை சோற்றை அவருடைய இலையில் போட்டாள்.